தண்ணீருக்குக் கட்டம் இல்லை

மதிப்பெண் தாளில் ஐந்து கட்டம்:
எடை, நீளம், அழகு, விளக்கம், குழு ஒற்றுமை.
தண்ணீருக்குக் கட்டம் இல்லை.
முதலிலேயே தெரிந்திருந்தால்
ஒரு கைப்பிடியை மடக்க
எட்டு நாள் மெனக்கெட்டிருக்க மாட்டோம்.

நாங்கள் நாலு பேர்.
வீரவநல்லூர், எட்டாம் வகுப்பு ஆ பிரிவு.
முப்பிடாதி கணக்கு.
மைதீன் பிச்சை வெட்டு; பிளேடு அவனிடம் மட்டும்தான்.
ஜெபஸ்லின் பேச்சு.
நான் பசை.
விரல் நுனி காய்ந்து தோல் தோலாய் உரிய
என்னல வியாதி என்று வீட்டில் பதறினார்கள்.

கொடுத்தது இருநூறு ஐஸ் குச்சி,
ஒரு டப்பா பசை, ஒரு கண்டு நூல்.
கேட்டது அறுபது சென்டிமீட்டர் பாலம்.

எல்லாரும் முக்கோணம் போடுவாங்க,
நாமளும் போடுவோம் என்றாள் முப்பிடாதி.
ஆனா வெள்ளத்தன்னைக்குப் பாத்தது
யாருக்காவது ஞாபகம் இருக்கா?

இருந்தது.
தரைப்பாலத்தை முதலில் தண்ணீர் உடைக்கவில்லை.
ஆகாயத்தாமரை வந்தது,
வேரோடு வாழை வந்தது,
யார் வீட்டுத் தகரமோ, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி,
எல்லாம் கைப்பிடிக் கம்பியில் மாட்டி
மாட்டியதன்மேல் மாட்டி
பாலம் தானே ஓர் அணையாகி
அந்த அணையைத் தாங்க முடியாமல்தான்
சாய்ந்தது.

அதனால் எங்கள் கைப்பிடி
தண்ணீர் தள்ளினால் படுத்துக்கொள்ளும்.
நிற்கவைக்க ஒரு நூல்,
இழுவை கூடினால் நழுவும் ஒரு முடிச்சு.
லாரித் தார்ப்பாயில் பார்த்துவைத்த முடிச்சு அது,
மைதீன் பிச்சை பதினேழு தடவை
தப்பாய்ப் போட்டு, பதினெட்டில் பிடித்தான்.

பாளையங்கோட்டை. பெரிய ஹால். முப்பத்திரண்டு பள்ளி.
கொக்கியில் வாளி தொங்கவிட்டு
கரண்டி கரண்டியாய் மணல்.
பதினொன்றே முக்கால் கிலோவில்
ஒரு குச்சி விரிசல் விட்டது.
உடனே நிறுத்திவிட்டார்கள், விதி அப்படி.
வள்ளியூர்ப் பாலம் இருபத்தாறு தாங்கியது,
கைதட்டினோம், நிஜமாகத்தான்.

நடுவர் எங்கள் கைப்பிடியை விரலால் தொட்டார்.
அது படுத்தது.
பசை சரியா ஒட்டலையேப்பா என்றார்.
ஜெபஸ்லின் வாயைத் திறந்தாள்.
மணி அடித்துவிட்டது.

சான்றிதழ் நாலு. என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

பஸ்ஸில் பாலம் என் மடியில்.
மேலப்பாளையம் தாண்டியும் யாரும் பேசவில்லை.
முன்னீர்ப்பள்ளத்தில் கொய்யாக் கூடையோடு ஏறிய அக்கா
இது என்ன, கோழிக்கூண்டா என்றாள்.
சொல்லாமல் விட்ட எல்லாவற்றையும்
ஜெபஸ்லின் அவளிடம் கொட்டினாள்,
டிக்கெட் எடுக்கக்கூட மறந்து.
அக்கா ஒரு கொய்யாவைத் துடைத்தபடி கேட்டாள்:
சரி, தண்ணியில விட்டுப் பாத்தியளா?

பார்க்கவில்லை.
எட்டு நாளில் ஒருநாள்கூட.
நாலு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

இறங்கி நேரே கன்னடியன் கால்வாய்.
பையோடு, சீருடையோடு.
படித்துறை ஓரம் இரண்டு செங்கல் வைத்துப்
பாலத்தை உட்காரவைத்து
மேலேயிருந்து தென்னஞ்சிராய், பாசி, ஒரு பழைய செருப்பு
ஒவ்வொன்றாய் விட்டான் மைதீன் பிச்சை.

செருப்பு வந்து முட்டியது.
முடிச்சு நழுவியது.
கைப்பிடி படுத்தது,
பாசியும் செருப்பும் அதன்மேல் ஏறி
எதுவுமே நடக்காததுபோல் போயின.

நாங்கள் கத்திய கத்தலில்
மடையோரக் கொக்குகள் எழும்பின.

அப்புறம் பாலமும் எழும்பியது.
மெதுவாக, செங்கலைவிட்டு ஒரு விரல் உயரம்,
பிறகு திரும்பி, குறுக்காகி,
பத்தமடைப் பக்கம் புறப்பட்டுவிட்டது.
ஐஸ் குச்சி மரம் என்பதும்
மரம் மிதக்கும் என்பதும்
முப்பிடாதியின் கணக்கில் வரவேயில்லை.

கரையோடு ஓடினாள் அவள்.
எடை! எடை வேணும்லா!
எடைதாம்ல பிடிச்சு வைக்கும்!
தோற்ற மாதிரியே இல்லை அந்தக் குரல்.

இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து
நான் அதைப் பிடித்தபோது
மூட்டு மூட்டாய் வெள்ளையாக ஊறி
விரலோடு வந்தது என் பசை.

நடுவர் சொன்னது
ஒருவகையில் சரிதான்.

ஏல, கரையிலிருந்து கேட்டாள் ஜெபஸ்லின்,
தண்ணியில கரையாத பசை
எந்தக் கடையில இருக்கும்?